நூற்று ஐம்பத்திரண்டு கிராம்

நீரோடியில் கடைசி பஸ் வளைந்து திரும்பும் இடத்தில்
தமிழ்நாடு முடிகிறது.
மணலுக்கு அது தெரியாது.
என் செல்போனுக்குத் தெரியும்:
இரவெல்லாம் தலையணைக்கு அடியில்
இரண்டு மாநிலத்துக் கோபுரங்களையும் மாறிமாறித் தேடிச்
சூடாகிக் கிடக்கும்.

மணல் ஆலையில் மாதிரி எடுப்பவள் நான். ஷைலட்.
உருளைமேல் மணல் வந்து விழும்.
உருளைக்குள் மின்காந்தம்.
கறுப்பு இல்மனைட் விட மனமில்லாமல்
கொஞ்சம் கூடச் சுற்றி உள்ளே விழும்;
வெள்ளை மணல் பட்டுக்கொள்ளாமல் எட்டிப் போய் விழும்.
நடுவில் ஒரு தகடு.
இரண்டு விரற்கடை நகர்த்தி வைத்தால்
யார் எந்தப் பக்கம் என்பதே மாறிவிடும்.
எல்லைக்கல் நட்டவர்களும்
இப்படித்தான் நட்டிருப்பார்கள்.

தராசில் கறுப்பு, நூற்று ஐம்பத்திரண்டு கிராம்.
இரும்பு ஐம்பத்தாறு, டைட்டானியம் நாற்பத்தெட்டு,
ஆக்சிஜன் மூன்று பதினாறு.
கால் டம்ளர் வரும். ஒரு மோல்.
ஆறு போட்டு இருபத்து மூன்று சுழி.

"கடப்பெறத்து மணல எண்ணித் தீத்தாச்சா?"
ததேயு தினமும் கேட்பான்.
தீர்த்தாச்சு.
பரல்களை அல்ல, பரலுக்குள் இருப்பதை.
பரல்களை எண்ணப் போனால்
உலகத்துக் கரைகள் அத்தனையையும் கொட்டினாலும்
ஒரு மோல் தேறாது.
அவன் தலையைச் சொறிந்துவிட்டுச்
சாயா வாங்கப் போனான்.

ஒரு ஷிப்டுக்கு நாற்பது டன்.
கிராமாக்கி வகுத்தால்
இரண்டு லட்சத்து அறுபத்து மூன்றாயிரத்துச் சொச்சம் மோல்.
பேரேட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.
அன்றிரவு கடல்
எங்கள் அடுக்களைச் சுவரை எடுத்துக்கொண்டது.
கேஸ் அடுப்பு, மீன்சட்டி மூன்று,
கருவாட்டுக்கு வைத்திருந்த அரை மூட்டை உப்பு.
விடிய விடிய உப்பைத்தான் கணக்குப் பார்த்தேன்:
இருபத்தைந்து கிலோ, நானூற்று இருபத்தேழு மோல்.
கடல் அதனால் கூடுதலாக ஒன்றும் கரிக்கவில்லை.

மறுநாளும் வேலைக்குப் போனேன்.
போகாமல்?

ராத்திரி பத்தரைக்கு மின்சாரம் போனது.
உருளையைப் பற்றியிருந்த கறுப்பு
ஒரு மூச்சில் உதிர்ந்து
வெள்ளையோடு வெள்ளையாய்க் கலந்துவிட்டது.
பாரா காந்தம் அப்படித்தான்.
புலம் இருக்கும்வரை ஒரே திசை,
போனதும் அணுவுக்கு அணு வேறு நினைப்பு,
தேர்தல் ஜீப் போன மறுநாள் எங்கள் தெரு மாதிரி.

டார்ச் அடித்தேன்.
இரும்புச் சுரண்டியின் ஓரத்தில்
மீசை போல் ஒட்டியிருந்தது மேக்னடைட் பொடி.
தட்டினேன். விழவில்லை.
காந்தம் அணைந்த பின்னும்
விடாமல் பிடித்திருப்பதற்குப்
பாடப்புத்தகத்தில் பெயர் தயக்கம்.
போக்க வேண்டுமானால்
எதிர்ப்பக்கமிருந்து புலம் கொடுக்க வேண்டும்,
அல்லது செக்கச் சிவக்கக் காய்ச்ச வேண்டும்.
நான் இரண்டும் செய்யவில்லை.
விரலால் வழித்தேன்.
நகக்கண்ணெல்லாம் கறுப்பு.

நிவாரணப் படிவம் பங்குப் பள்ளிக்கூடத்தில் கொடுத்தார்கள்.
இழந்த பொருள், எண்ணிக்கை என்று இரண்டு கட்டம்.
கரைக்குக் கட்டம் இல்லை.
சுவர், ஒன்று.
அடுப்பு, ஒன்று.
உப்பு, நானூற்று இருபத்தேழு மோல்.
"மோலா? அது எந்தூர் அளவு, கேரளாவா?"
எழுத்தர் நிமிராமலே அடித்துவிட்டு
அரை மூட்டை என்று எழுதினார்.
அதுவும் சரிதான்.

தண்ணீரைப் பற்றி அவரிடம் சொல்லியிருக்கலாம்.
எந்தக் காந்தத்தைக் கொண்டுவந்தாலும்
கடல் அதைத் தள்ளும்,
கண்ணுக்குத் தெரியாத அளவு.
பாதிக்கு மேல் தண்ணீரான நானும் தள்ளுவேன்,
அதே அளவு.

கையெழுத்துப் போடக் குனிந்தேன்.
மேசையில் குண்டூசி டப்பா,
மூடியில் வட்டக் காந்தம்.
என் நகக்கண்ணிலிருந்து ஒரு கறுப்புத் துகள்
எழுந்து நின்று
அவர் பக்கமாகச் சாய்ந்தது.